ஹெல்த் செக் போட்ட பிறகுதான் எல்லா குபெர்னெட்டிஸ் பாடும் (pod) ஒன்றாக விழுகின்றன, எங்கே தப்பு?

அரைத்தூக்கம் எழுதியது:

நண்பர்களே, இரண்டு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்த் செக் (சர்வீஸ் நலமா என்று தானாகத் தட்டிப் பார்க்கும் சோதனை) இல்லாத காலத்தில் எங்கள் சர்வீஸ் அவ்வப்போது மெதுவாகும், திட்டு வாங்குவோம், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். ஹெல்த் செக் போட்ட பிறகு மெதுவாவதே இல்லை, நேராகப் படுத்துவிடுகிறது.

அமைப்பு இதுதான். பைத்தானின் ஜாங்கோவில் எழுதிய வெப் சர்வீஸ், குனிகார்ன் என்ற வெப் சர்வர் மேல் ஓடுகிறது, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் 4 பாட் (சர்வீஸின் ஒரு பிரதி ஓடும் கன்டெய்னர் கூடு), ஒவ்வொன்றிலும் சிங்க் வொர்க்கர் 3. முன்னால் வெளி ரிக்வெஸ்டை உள்ளே அனுப்பும் இங்கிரஸ், அதற்கும் முன்னால் லோட் பேலன்சர். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், நடுவில் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர். பின்னணி வேலைகள் தனி பாடில் ஓடினாலும் அவையும் அதே பிஜிபவுன்சர் வழியாகத்தான் போகின்றன.

/ஹெல்த் என்று ஒரு பாதை வைத்திருக்கிறேன். உள்ளே டேட்டாபேஸில் செலக்ட் 1 ஓட்டும், ரெடிஸுக்கு (மெமரியில் தரவு வைக்கும் சர்வர்) ஒரு பிங் அடிக்கும், மெயில் சர்வருக்கு இணைப்பைத் திறந்து மூடும். மூன்றும் சரியென்றால் 200, ஒன்று தவறினாலும் 503. குபெர்னெட்டிஸ் ஓட்டும் சோதனைகளான லைவ்னஸ் புரோப், ரெடினஸ் புரோப் இரண்டுமே இதைத்தான் தட்டுகின்றன. நேரக் கணக்கு எதையும் தொடவில்லை, எல்லாம் டிஃபால்ட். கன்டெய்னர் இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலிலும் ஹெல்த்செக் வரி ஒன்று இருக்கிறது. முதலில் புரோப்புக்கு 400 வந்துகொண்டிருந்தது, ஜாங்கோ ஏற்கும் டொமைன் பட்டியலான அலவ்டு ஹோஸ்ட்ஸில் நட்சத்திரக் குறி (எதையும் ஏற்றுக்கொள்) போட்டதும் போய்விட்டது.

நாளுக்கு ஒன்றிரண்டு முறை நான்கு பாடும் ஒரே நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகின்றன. எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. சில நேரம் எழுந்த கையோடு மறுபடி விழுகின்றன. எக்ஸிட் கோட் 137 என்று இருந்தது, தேடியதில் மெமரிப் பிரச்சினை என்று வந்தது, 512 எம்பியை 1024 ஆக்கினேன், ஒன்றும் மாறவில்லை. பாட் எண்ணிக்கையை 6 ஆக்கினேன், இப்போது ஆறும் ஒன்றாக விழுகின்றன. நொடிக் கணக்கைக் கூட்டிவிட்டால் போதுமா, இல்லை அடிப்படையிலேயே ஏதோ கோளாறா?

பழையசர்வர் எழுதியது:

ஆறும் ஒன்றாக விழுகின்றன என்றீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆறு கன்டெய்னருக்கும் ஒரே நிமிடத்தில் காய்ச்சல் வருவதில்லை, எல்லாம் சேர்ந்து குடிக்கும் கிணற்றில்தான் ஏதோ இருக்கிறது.

ஆனால் ஊகிக்கும் முன் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். 137 என்றால் 128 + 9, சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் சிக்னல்) வாங்கிச் செத்தது என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றும் இல்லை. மெமரி தாண்டினாலும் 137 வரும், வேறு காரணத்துக்காகக் கொன்றாலும் 137 வரும். கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் பாட் போட்டு, லாஸ்ட் ஸ்டேட் என்ற இடத்தில் ரீசன் ஓஓஎம்கில்டு (மெமரி தாண்டியதால் கொல்லப்பட்டது) என்று இருக்கிறதா, வெறும் எர்ரர் என்று இருக்கிறதா பாருங்கள். கீழே ஈவென்ட்ஸில் என்ன சொல்கிறது என்பதையும் போடுங்கள். இன்னொன்று, அடுத்த முறை விழும்போது பிஜிபவுன்சரின் அட்மின் கன்சோலில் இணைப்புக் கணக்கைக் காட்டும் ஷோ பூல்ஸ் கட்டளையை அடித்து வையுங்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

இன்று மதியம் விழுந்தது, பிடித்துவிட்டேன். ரீசன் வெறும் எர்ரர்தான். ஈவென்ட்ஸில் லைவ்னஸ் புரோப் ஃபெயில்டு, காண்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட் (நேரம் தாண்டிவிட்டது) என்று வரிசையாக இருக்கிறது, பிறகு கில்லிங். ஷோ பூல்ஸில் சர்வர் பக்கம் ஆக்டிவ் 20, கிளையன்ட் பக்கம் வெயிட்டிங் 31. அந்த நேரத்தில் பின்னணியில் பெரிய ரிப்போர்ட் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது தினமும் ஓடுவதுதான்.

பழையசர்வர் எழுதியது:

அப்புறம் என்ன, ஆள் அகப்பட்டுவிட்டான். பிஜிபவுன்சரில் டிஃபால்ட் பூல் சைஸ், அதாவது டேட்டாபேஸுக்குத் திறக்கும் இணைப்புகள், 20. ரிப்போர்ட் வேலை அந்த இருபதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உங்கள் செலக்ட் 1 வரிசையில் நிற்கிறது. புரோப்புக்கு டைம்அவுட் நீங்கள் எழுதவில்லை, டிஃபால்ட் 1 நொடி. 10 நொடிக்கு ஒருமுறை தட்டி, 3 முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் கன்டெய்னரைக் கொல்லும். ஆக, அரை நிமிடம் டேட்டாபேஸ் வரிசை நகராவிட்டால் ஆறு பாடுக்கும் மரண தண்டனை, அதுவும் ஒரே நேரத்தில், ஏனென்றால் ஆறும் நிற்பது ஒரே வரிசையில். கொன்றதால் என்ன லாபம்? பூலைப் பிடித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட் பாடுக்கு ஒரு கீறலும் இல்லை, அது நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்து வரும் வெப் பாடுகள் மறுபடி அதே வரிசையில் போய் நிற்கின்றன, மறுபடி விழுகின்றன, இப்போது ரீஸ்டார்ட்டுக்கு இடையே 10, 20, 40 நொடி என்று இடைவெளி இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை போகும். ரிப்போர்ட் முடிந்த பிறகும் சர்வீஸ் படுத்தே கிடப்பது இதனால்தான்.

லைவ்னஸ் கேட்பது ஒரே கேள்வி: இந்த பிராசஸைக் கொன்று புதிதாக எழுப்பினால் சரியாகுமா? டேட்டாபேஸ் மெதுவாக இருப்பதும் ரெடிஸ் போய்விட்டதும் மெயில் சர்வர் தூங்குவதும் உங்கள் ஜாங்கோவைக் கொன்றால் சரியாகாது. எனவே அந்த மூன்றுக்கும் லைவ்னஸில் வேலையே இல்லை. ரெடினஸ் கேட்பது வேறு: இந்தப் பாடுக்கு இப்போது டிராஃபிக் அனுப்பலாமா? அது தவறினால் பாட் சாகாது, டிராஃபிக் வாங்கும் பாடுகள் அடங்கிய, சர்வீஸின் எண்ட்பாயின்ட் பட்டியலில் இருந்து மட்டும் விலகி நிற்கும். இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுப்பதுதான் நான் பார்த்த அமைப்புகளில் பாதிக்கு மேல் இருக்கும் வியாதி.

மெயில் சர்வரை அங்கே வைத்ததற்கு ஏதாவது காரணம் உண்டா? மெயில் போகாததற்காக லாகின் பக்கத்தையும் மூடுவது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

டாக்கர்ஃபைலில் இருக்கும் ஹெல்த்செக் வரியைக் குபெர்னெட்டிஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இருந்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பாதீர்கள்.

கட்டெறும்பு எழுதியது:

லைவ்னஸ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி அண்ணா. ஆனால் ரெடினஸில் டேட்டாபேஸைச் சேர்க்கலாம் என்பது போல எழுதிவிட்டீர்கள், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. டேட்டாபேஸ் தடுமாறினால் ஆறு பாடும் ஒரே நேரத்தில் நாங்கள் ரெடி இல்லை என்று சொல்லும், எண்ட்பாயின்ட் பட்டியல் காலியாகும், இங்கிரஸ் 503 கொடுக்கும். டேட்டாபேஸைத் தொடாத பக்கங்கள், கேஷில் இருந்து வரக்கூடியவை, நிதானமாக ஒரு மன்னிப்புச் செய்தி காட்டியிருக்கக்கூடிய இடங்கள், எல்லாமே சேர்ந்து போய்விடும். ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் டார்கெட் குரூப்பில் எல்லாமே அன்ஹெல்தி ஆனால், சரி போகட்டும் என்று எல்லாவற்றுக்குமே அனுப்பத் தொடங்கும். என்வாய் பிராக்சியில் பேனிக் திரெஷோல்டு என்று ஒன்று உண்டு, ஹெல்தியாக இருப்பவை 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹெல்த் கணக்கையே ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும். குபெர்னெட்டிஸ் சர்வீஸில் அப்படி ஒரு கருணை கிடையாது, பட்டியல் காலி என்றால் காலிதான்.

பழையசர்வர் எழுதியது:

நியாயம்தான். ஆனால் ஒரு பாட் மட்டும் தப்பான நோடில் (இயந்திரத்தில்) விழுந்து, அங்கிருந்து டேட்டாபேஸுக்கு வழியே இல்லை, அல்லது பழைய கடவுச்சொல்லோடு எழுந்திருக்கிறது என்று வையுங்கள். அது 200 சொல்லிக்கொண்டே வருகிற ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் 500 கொடுக்கும். வேலையைச் சீக்கிரம் கெடுத்து முடிப்பதால், குறைந்த இணைப்பு உள்ள பாடுக்கே அனுப்பும் லீஸ்ட் கனெக்ஷன் முறையில் பிரித்தால் அதற்குத்தான் டிராஃபிக் அதிகம் போகும். இதை ஒருமுறை நேரில் பட்டிருக்கிறேன், ஆறில் ஒன்று கெட்டிருந்தது, பிழைகளோ பாதிக்கு மேல்.

கட்டெறும்பு எழுதியது:

அதற்கு நான் செய்வது: டேட்டாபேஸைத் தொடும் சோதனையை, பாட் எழும்போது மட்டும் ஓடும் ஸ்டார்ட்அப் புரோப்பில் மட்டும் வைப்பேன். எழுந்தவுடன் ஒருமுறை டேட்டாபேஸைத் தொட்டுப் பார்த்து வெற்றி பெற்றால்தான் உள்ளே வரலாம். ஒருமுறை உள்ளே வந்த பிறகு ரெடினஸ் அந்தப் பாடின் சொந்த விஷயங்களை மட்டும் பார்க்கும். கெட்ட கடவுச்சொல்லோடு வரும் பாட் வாசலிலேயே நின்றுவிடும், ரோல்அவுட்டும் (புது வெர்ஷன் ஏற்றுவதும்) அங்கேயே நின்றுவிடும், பழைய பாடுகள் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் டேட்டாபேஸ் தடுமாறினால் யாரும் வெளியேற மாட்டார்கள்.

ஓட்டை ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்: டேட்டாபேஸ் படுத்திருக்கும் நேரத்தில் புதிதாக எழும் பாட் எதுவும் உள்ளே வராது. எனக்கு அது பரவாயில்லை.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

நீங்கள் இருவரும் பேசுவது சரி, ஆனால் அரைத்தூக்கம், /ஹெல்த்தில் இருந்து டேட்டாபேஸை எடுத்துவிட்டால் மட்டும் உங்கள் பிரச்சினை தீராது. பாட் ஒன்றுக்கு 3 சிங்க் வொர்க்கர், ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்டைத்தான் கவனிக்கும். மூன்றும் பிஜிபவுன்சர் வரிசையில் காத்து நின்றால், வெறும் 200 திருப்பும் இரண்டு வரி ஹெல்த் பாதைக்குக்கூடப் பதில் சொல்ல ஆள் இல்லை. 1 நொடி தாண்டிவிடும், புரோப் தோற்கும், கதை அதேதான். நாங்களும் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம், மூன்றாம் நாள் இதே கதை.

உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பூலைப் பிரிப்பேன். பிஜிபவுன்சர் பூலைப் பயனர், டேட்டாபேஸ் என்ற ஜோடி வாரியாகத்தான் வைக்கிறது, எனவே பின்னணி வேலைக்குப் போஸ்ட்கிரெஸ்ஸில் வேறொரு பயனரைக் கொடுத்தாலே அதற்குத் தனி பூல் கிடைத்துவிடும், ரிப்போர்ட் எவ்வளவு கனமாக ஓடினாலும் வெப் பக்கத்து இருபதைத் தொட முடியாது. மொத்தக் கூட்டுத்தொகை போஸ்ட்கிரெஸ்ஸின் மேக்ஸ் கனெக்ஷன்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டிஃபால்ட் 100. வரிசையில் காத்திருக்கும் நேர வரம்பான குவெரி வெயிட் டைம்அவுட் பிஜிபவுன்சரில் 120 நொடி, வெப்புக்கு அது ரொம்ப அதிகம், 5க்குக் கொண்டுவந்தால் வொர்க்கர் பிழையோடாவது விடுபடும். வெப் பயனருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் (ஒரு குவெரி ஓடும் நேர வரம்பு) வையுங்கள், ஏனென்றால் கேட்டவன் செத்துவிட்டாலும் போஸ்ட்கிரெஸ்ஸில் ஓடும் கனமான குவெரி உடனே நிற்காது, அது பாட்டுக்கு ஓடும்.

அப்புறம் நேரக் கணக்கு. ஸ்டார்ட்அப் புரோப்: 5 நொடிக்கு ஒருமுறை, 30 தோல்வி வரை, அதாவது எழுந்து வர 150 நொடி அவகாசம். இது வெற்றி பெறும் வரை மற்ற இரண்டும் தொடங்காது, ஆகவே எழ நேரம் எடுக்கும் உங்கள் பாடை நடுவில் யாரும் கொல்ல மாட்டார்கள். ரெடினஸ்: 5 நொடி, டைம்அவுட் 2, தோல்வி 3. லைவ்னஸ்: 10 நொடி, டைம்அவுட் 5, தோல்வி 6, ஏறக்குறைய ஒரு நிமிடம் பேச்சே இல்லாமல் கிடந்தால்தான் கொல்ல வேண்டும். ரெடினஸ் சீக்கிரம் முடிவெடுக்கலாம், லைவ்னஸ் தயங்கித் தயங்கித்தான் முடிவெடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் உங்களுக்கு லைவ்னஸ் வேண்டுமா என்றே யோசிப்பேன். குனிகார்ன் மாஸ்டர் 30 நொடி அசையாத வொர்க்கரைத் தானே கொன்று புதிதாக வைக்கிறது, மாஸ்டரே செத்தால் கன்டெய்னரும் செத்து குபெர்னெட்டிஸ் எழுப்பிவிடும். நடுவில் லைவ்னஸ் செய்வது என்ன?

அலவ்டு ஹோஸ்ட்ஸில் நட்சத்திரம் வேண்டாம், தயவுசெய்து. புரோப் பாடின் ஐபியை ஹோஸ்டாகப் போட்டுக் கேட்பதால்தான் ஜாங்கோ 400 சொன்னது. புரோப் அமைப்பில் எச்டிடிபிகெட்டுக்குக் கீழே ஹோஸ்ட் ஹெடர் ஒன்று கொடுங்கள், உங்கள் உண்மையான டொமைன் பெயரை. முடிந்தது.

அரைத்தூக்கம் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். ரிப்போர்ட் வேலைக்குத் தனிப் பயனர் கொடுத்துப் பூலைப் பிரித்தேன், மூன்று புரோப்புக்கும் மூன்று பாதை வைத்தேன், மெயில் சோதனையைத் தூக்கிவிட்டேன் (காரணம் கேட்டீர்கள், ஒரு காரணமும் இல்லை, வேறொரு புராஜெக்டில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியது). லைவ்னஸை எடுக்கத் துணிவு வரவில்லை, தளர்த்தி மட்டும் வைத்திருக்கிறேன். நேற்றும் இன்றும் ரிப்போர்ட் ஓடியது, ஒரு பாடும் விழவில்லை.

இன்னொன்று கேட்கலாமா? புது வெர்ஷன் ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் சில நொடிக்கு 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) வருகிறது. ரெடினஸ் இருந்தால் இது வரக்கூடாது என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பழைய பாட் டெர்மினேட்டிங் என்று அரை நிமிடம் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

பழையசர்வர் எழுதியது:

அரை நிமிடம் தொங்குகிறது, எக்ஸிட் கோட் 137. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், முதல் பதிவிலேயே இதைப் பிடித்திருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். குபெர்னெட்டிஸ் நேராக சிக்கில் அனுப்பாது, முதலில் சிக்டெர்ம் (SIGTERM, ஒழுங்காக முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும், 30 நொடி காத்திருக்கும், அதற்கும் போகாவிட்டால்தான் சிக்கில். சிக்டெர்மைக் கேட்டு ஒழுங்காக முடிந்திருந்தால் 0 வந்திருக்கும், கேட்டதும் அப்படியே செத்திருந்தால் 143. உங்களுக்கு 137 என்றால் சிக்டெர்ம் குனிகார்னுக்குப் போய்ச் சேரவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. டாக்கர்ஃபைலில் எதை ஓட்டுகிறீர்கள்? ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்குமே?

அரைத்தூக்கம் எழுதியது:

ஆமாம், ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ஒன்று. முதலில் டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஓட்டும், கடைசி வரியில் குனிகார்ன்.

பழையசர்வர் எழுதியது:

அந்தக் கடைசி வரியின் தொடக்கத்தில் எக்ஸெக் என்று ஒரு சொல் சேருங்கள். இப்போது கன்டெய்னருக்குள் பிராசஸ் எண் 1 உங்கள் ஷெல், குனிகார்ன் அதன் குழந்தை. சிக்டெர்ம் ஷெல்லுக்குப் போகிறது, எண் 1 ஆக இருக்கும் பிராசஸ் தானாகக் கையாளாவிட்டால் அந்த சிக்னல் காற்றில் போய்விடும், ஷெல்லும் குழந்தைக்குச் சொல்லாது. எக்ஸெக் போட்டால் ஷெல் இருந்த இடத்தில் குனிகார்னே வந்து உட்காரும்.

ஆனால் இதை மட்டும் செய்தால் 502 கூடும், குறையாது. இதுவரை காது கேட்காத பாட் 30 நொடி வேலை செய்துகொண்டிருந்தது, கடைசியில் சிக்கில் வாங்கும்போது கையில் இருந்த ரிக்வெஸ்டுகள்தான் அறுந்தன. இனி சிக்டெர்ம் கேட்டதுமே குனிகார்ன் கேட்கும் சாக்கெட்டை மூடிவிடும், ஆனால் இந்தப் பாட் போகிறது என்ற செய்தி இங்கிரஸுக்கும் லோட் பேலன்சருக்கும் போய்ச் சேரச் சில நொடி ஆகும், பட்டியலில் இருந்து எடுப்பதும் சிக்டெர்ம் அனுப்புவதும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் வரும் ரிக்வெஸ்ட் மூடிய கதவில் மோதும். எனவே பிரீஸ்டாப்பில் ஸ்லீப் 10 வையுங்கள். பத்து நொடி சும்மா நின்று, எல்லோருக்கும் செய்தி போன பிறகு சிக்டெர்ம். அந்தப் பத்தும் 30 நொடி கிரேஸ் கணக்குக்குள்ளேயே வருகிறது, குனிகார்னின் கிரேஸ்ஃபுல் டைம்அவுட்டும் தனியாக 30, ஆகவே டெர்மினேஷன் கிரேஸ் பீரியடை 45க்குத் தூக்குங்கள்.

மைக்ரேஷனை ஆறு பாடும் எழும்போது ஓட்டுவது தனிக் கதை. இன்னொரு நாள் திட்டுகிறேன்.

சுவர்ப்பல்லி எழுதியது:

குபெர்னெட்டிஸ் இல்லாமல் வெறும் டாக்கரும், லோட் பேலன்சராக எச்ஏபிராக்சியும் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே கதை கொஞ்சம் வேறு. டாக்கரில் ஹெல்த்செக் தோற்றால் டாக்கர்பிஎஸ்ஸில் அன்ஹெல்தி என்று எழுதி வைக்குமே தவிர கன்டெய்னரை எழுப்பாது, ரீஸ்டார்ட் பாலிசி பிராசஸ் செத்தால்தான் வேலை செய்யும், டாக்கர் ஸ்வார்ம் (பல இயந்திரத்தில் கன்டெய்னர் ஓட்டும் முறை) என்றால் மட்டும் மாற்றிவைக்கும். எச்ஏபிராக்சியில் செக் என்று மட்டும் எழுதினால் டிசிபி இணைப்பு கிடைக்கிறதா என்றுதான் பார்க்கும். வொர்க்கர் எல்லாம் உறைந்துபோயிருந்தாலும் கர்னல் இணைப்பை வாங்கி வைத்துக்கொள்ளும், பச்சையாகவே தெரியும். ஆப்ஷன் எச்டிடிபிசெக் எழுத வேண்டும். அங்கே டிஃபால்ட் 2 நொடிக்கு ஒருமுறை, 3 தோல்வியில் வெளியே, 2 வெற்றியில் உள்ளே. திறந்த மூல என்ஜின்எக்ஸ் தானாகப் போய்த் தட்டிப் பார்ப்பதில்லை, வரும் ரிக்வெஸ்ட் தோற்றால்தான் அதற்குத் தெரியும்.

நான் அரை நாள் தொலைத்தது வேறு இடத்தில். உள்ளே ஹெல்த்செக் ஹெல்தி, வெளியே எச்ஏபிராக்சி டவுன். ஆப் 127.0.0.1இல் கேட்டுக்கொண்டிருந்தது. கன்டெய்னருக்குள் இருந்து கேட்டால் பதில் வரும், வெளியில் இருந்து யாருக்கும் எட்டாது. அதை 0.0.0.0 ஆக்கியதும் அப்படியே தலைகீழானது: எச்ஏபிராக்சி பச்சை, உள்ளே அன்ஹெல்தி. ஆல்பைன் இமேஜில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 முகவரிக்குப் போயிருக்கிறது, ஆப்போ ஐபிவி4இல் மட்டும். அன்றிலிருந்து ஹெல்த்செக் வரியில் பெயரே எழுதுவதில்லை, எண்தான்.

இன்னொன்று, சோதனைக்கு முகப்புப் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். லாகினுக்கு 302 அனுப்பும் பக்கமாக இருந்தால் எச்ஏபிராக்சியும் குபெர்னெட்டிஸ் புரோப்பும் 3இல் தொடங்கும் கோடையும் வெற்றி என்றுதான் எடுக்கும், ஏடபிள்யூஎஸ் லோட் பேலன்சரின் டிஃபால்டோ 200 மட்டும், ஒரே ஆப் ஒரு இடத்தில் பச்சை, இன்னொரு இடத்தில் சிவப்பு.

அரைத்தூக்கம் எழுதியது:

எக்ஸெக், பிரீஸ்டாப், 45 மூன்றும் போட்டாயிற்று. இன்று பகலிலேயே, ஆள் நடமாட்டம் இருக்கும்போதே மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன், 502 பூஜ்யம். பழைய பாட் 12, 13 நொடியில் போய்விடுகிறது, எக்ஸிட் கோட் 0. கூட்டி வைத்த 1024 எம்பியை மறுபடி 512க்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஒரே தொல்லை, ஆறு பாடுக்கும் சேர்த்து அக்சஸ் லாக் முழுக்க ஹெல்த் வரியாகவே ஓடுகிறது, உண்மையான ரிக்வெஸ்டைத் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

குனிகார்னின் அக்சஸ் லாகருக்குப் பைத்தானில் நான்கு வரி ஃபில்டர் எழுதி, ஹெல்த் பாதைக்கு 200 போன வரியை மட்டும் விழுங்கச் சொல்லுங்கள். 200 தவிர வேறு எது போனாலும் லாகில் இருக்கட்டும், அடுத்த முறை விழுந்தால் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.